வட்டிலப்பமும் மூல நிரலும்



உங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவளுக்கு இது இறுதி வருடம். ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கி வருகிறது. "உன்னிடமுள்ள புரதத் தரவுகளை எம்.சி.எல். என்ற மென்பொருளால் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் கொண்டு வா" என்று விரிவுரையாளர் சொல்லி விடுகிறார். மகள் கணனிக்கு முன்னால் அமர்கிறாள். பொத்தானை அழுத்தியதும் தானாகவே வந்து அமர்ந்து கொள்ளும் வகை மென்பொருள் அல்ல அது. மூல நிரலாகக் கிடைக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். அவள் இரண்டு வரி தட்டுகிறாள். பதிலுக்குப் பத்து வரிப் பிழைச் செய்தி வருகிறது. கணனியை மூடி வைத்துவிட்டு, "நானா லீவில் வரட்டும், அவர் செய்து தருவார்" என்கிறாள்.

நானா வருவதற்குள் தவணை முடிந்துவிடும். அவர் வந்து செய்து கொடுத்தாலும், அந்த மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பது மகளுக்குத் தெரியாது. நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்டால் வாயடைத்து நிற்க வேண்டியது அவள்தான், நானா அல்ல. ஆகவே இம்மாதம் இந்த வேலையைப் பற்றியே பேசுவோம். கணனியைத் தொட்டுப் பார்த்திராத தாய்மாரும் இதை விளங்கிக் கொள்ளலாம். ஏனென்றால் இதில் முக்கால்வாசி குசினியில் நீங்கள் தினமும் செய்யும் வேலைதான்.

மூல நிரல் என்றால் என்ன?

பெருநாளைக்கு வட்டிலப்பம் வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. கடையில் ஆயத்தமாக வாங்கலாம். அல்லது முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டி, ஏலம் எல்லாம் எவ்வளவு என்ற குறிப்பை வைத்துக் கொண்டு வீட்டிலேயே அவிக்கலாம். கடை வட்டிலப்பத்தைப் பார்த்து அதில் எத்தனை முட்டை போட்டார்கள் என்று எண்ண முடியாது. அவிந்த பின் முட்டையை வெளியே எடுக்கவும் முடியாது. குறிப்பு கையில் இருந்தாலோ, கருப்பட்டியைக் குறைக்கலாம், ஏலத்தைக் கூட்டலாம், சந்தேகம் வந்தால் ஒவ்வொரு வரியாகச் சரி பார்க்கலாம்.

மூல நிரல் என்பது அந்தக் குறிப்பு. மனிதர் வாசிக்கக் கூடிய மொழியில் எழுதப்பட்டது. கணனியின் மூளைக்கு அது விளங்காது. அதற்கு விளங்குவது இலக்கங்களாலான இயந்திர மொழி மட்டுமே. குறிப்பை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். தொகுப்பி என்ற எண்ணத்துக்கு முதன் முதலில் உருக் கொடுத்தவர்களில் முன் நிற்பவர் ஒரு பெண். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணித வல்லுநர் கிரேஸ் ஹொப்பர் 1952ஆம் ஆண்டளவில் 'ஏ-0' என்ற தொகுப்பியை ஆக்கினார். கணனி எண்கணிதம் மட்டுமே செய்யும், நிரல் எழுதாது என்று சுற்றி இருந்தவர்கள் நம்ப மறுத்த காலம் அது. "இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் இந்தப் பெயரை ஞாபகப்படுத்துங்கள்.

மூல நிரலை எல்லோருக்கும் திறந்து கொடுக்கும் வழக்கத்தை ஓர் இயக்கமாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1983இல் 'குனு' என்ற திட்டத்தை அவர் அறிவித்தார். 1989இல் அதற்கான பொது அனுமதிப் பத்திரத்தின் முதற் பதிப்பு வெளியானது. ஓடவிடலாம், வாசிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நமது கரைகளை அழித்த போது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே எழுதித் திறந்த மூல நிரலாக உலகுக்குக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை கொடுக்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் வாங்கிப் போட்டுக் கொள்வது நம் பிள்ளைகளிடையே குற்றமாகவே தெரியாத வழக்கமாகி விட்டது. அடுத்தவரின் உழைப்பு அமானிதம். கண்ணியமாக, அனுமதியோடு, காசில்லாமல் கிடைக்கும் வழி ஒன்று இருக்கும் போது திருட்டுப் பிரதிக்கு என்ன தேவை?

கொத்தாக்குதல்

இனி எம்.சி.எல். என்ன செய்கிறது என்று பார்ப்போம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டைன் வான் டொங்கன் என்பவர் 2000ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து பிறந்தது இது. 'மார்கோவ் கொத்தாக்க முறை' என்பது முழுப் பெயர். மார்கோவ் என்பவர் ரஷ்யக் கணித அறிஞர். 2002இல் இம்முறையைப் புரதங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப் பயன்படுத்திக் காட்டினார்கள். அன்றிலிருந்து உலகமெங்கும் உயிரியல் ஆய்வு கூடங்களில் இது புழங்குகிறது.

அதன் உள்ளே நடப்பதை இப்படி யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சில வீடுகள், அந்தப் பக்கம் சில வீடுகள். நடுவில் ஒரே ஒரு பாலம். பெருநாளன்று ஒரு சிறுவன் திட்டம் எதுவுமில்லாமல் வீடு வீடாகப் போகிறான். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கால் போன போக்கில் நடக்கிறான். அவன் ஆற்றின் எந்தப் பக்கத்தில் தொடங்கினானோ அந்தப் பக்கத்திலேயே நெடு நேரம் சுற்றிக் கொண்டிருப்பான். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குப் பாதைகள் பல. அக்கரைக்குப் பாதை ஒன்று மட்டும். அவன் அதிகம் சுற்றும் வீடுகள் ஒரு கொத்து.

எம்.சி.எல். இந்த நடையைக் கணிதமாகச் செய்கிறது. ஒரு முறை நடையை நீட்டுகிறது. அடுத்து, ஆள் நடமாட்டமுள்ள பாதைகளை இன்னும் அகலமாக்கி, நடமாட்டம் குறைந்தவற்றை இன்னும் ஒடுக்குகிறது. இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யும் போது மெலிந்த பாதைகள் மறைந்து போகின்றன. கடைசியில் பாலமும் மறைந்து, இரண்டு கரைகளும் இரண்டு கொத்துக்களாகத் தனித்து நிற்கின்றன. எத்தனை கொத்துக்கள் வேண்டும் என்று நாம் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதைகளை எவ்வளவு கடுமையாக ஒடுக்குவது என்ற ஓர் எண்ணை மட்டும் கொடுக்கிறோம். இந்த எண்ணை மறந்து விடாதீர்கள். கடைசியில் மீண்டும் வரும்.

சமைக்கும் படிகள்

முதலில் ஒரு நேர்மையான வார்த்தை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் எம்.சி.எல். ஆயத்தப் பொதியாகவும் கிடைக்கிறது. மகளின் சொந்தக் கணனியில் அது போதுமென்றால் ஒரே கட்டளையில் அதை எடுத்துக் கொள்ளட்டும். கடை வட்டிலப்பம் ஹராமல்ல. ஆனால் ஆய்வு கூடத்துக் கணனியில் நிர்வாகியின் அனுமதி இல்லாத போதும், குறிப்பிட்ட ஒரு பதிப்பே வேண்டும் என்ற போதும் மூல நிரலிலிருந்தே ஆக்க வேண்டி வரும்.

ஒன்று: எடுத்தல். நிரலை அதை எழுதியவரின் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும்; தோழியின் பென் டிரைவிலிருந்து அல்ல. பல மென்பொருட்களோடு ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணும் தரப்பட்டிருக்கும். 'ஷா 256' என்ற வகையில் அது 64 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்டது. எடுத்த கோப்பிலிருந்து நம் கணனியில் அதே எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுதடைந்திருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். பால்மா வாங்கும் போது முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பீர்களல்லவா, அது போல.

எம்.சி.எல்லின் பதிப்பு எண்களை வாசிப்பதும் சுலபம். 14-137 என்றால் 2014ஆம் ஆண்டின் 137ஆவது நாள், அதாவது மே 17. 22-282 என்றால் 2022 ஒக்டோபர் 9. பின்னைய பதிப்பில், துணை நூலகம் ஒன்று தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதை முதலில் ஆக்கிவிட்டே எம்.சி.எல்லை ஆக்க வேண்டும். தேங்காய்ப் பால் பிழியாமல் வட்டிலப்பத்துக்கு உட்கார முடியாதல்லவா?

இரண்டு: விரித்தல். நிரல் பல நூறு கோப்புக்களாக இருக்கும். அவற்றை ஒரே கட்டாகக் கட்டுவது 'டார்'. கட்டைச் சுருக்குவது 'ஜிஸிப்'. இரண்டையும் ஒரே கட்டளையில் அவிழ்க்கலாம். அவிழ்த்த உடனே 'ரீட்மீ', 'இன்ஸ்டோல்' என்ற பெயருள்ள கோப்புக்களை வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் இடறி விழுவது இதை வாசிக்காமல் பாய்வதால்தான்.

மூன்று: 'கொன்பிகர்'. இது சமையலுக்கு முன் அடுப்படியைச் சுற்றிப் பார்க்கும் வேலை. தொகுப்பி இருக்கிறதா, தேவையான நூலகங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடி, கண்டதையும் காணாததையும் திரையில் எழுதிக் கொண்டு போகும். சமைத்ததை எந்த அலுமாரியில் வைப்பது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். அதற்கான விருப்பத்தின் பெயர் 'பிரிபிக்ஸ்'. ஒன்றும் சொல்லாவிட்டால் கணனி முழுவதற்கும் பொதுவான அலுமாரிக்கே போகும். அதன் சாவி நிர்வாகியிடம் இருக்கும். ஆய்வு கூடத்தில் படிக்கும் பிள்ளை தன் சொந்தக் கோப்புறைக்குள் 'லோக்கல்' என்று ஒரு இடத்தைக் காட்டினால் யாருடைய சாவியும் தேவையில்லை.

நான்கு: 'மேக்'. இதுதான் அடுப்பில் வைப்பது. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வு கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் ஆக்கிய கருவி. எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு இதற்குத் தெரியும். ஒரு கோப்பை மட்டும் மாற்றினால், அதோடு தொடர்புள்ளவற்றை மட்டும் மீண்டும் ஆக்கும், எல்லாவற்றையும் அல்ல. கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்து அது இதை அறிந்து கொள்கிறது.

ஐந்து: 'மேக் இன்ஸ்டோல்'. சமைத்ததை அலுமாரியில் அடுக்குதல். அத்தோடு, அந்த அலுமாரி எங்கே இருக்கிறது என்பதைக் கணனிக்குச் சொல்ல வேண்டும். 'பாத்' என்ற பட்டியலில் அந்த இடத்தின் பெயரைச் சேர்ப்பதே அது. இதை மறந்தால், மென்பொருள் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்க, கணனியோ "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று கை விரிக்கும்.

தடங்கல் வந்தால்

பிழைச் செய்தி நிறைய வந்தால் பிள்ளைகள் கடைசி வரியைப் பார்த்துப் பயப்படுவார்கள். பார்க்க வேண்டியது முதற் பிழையை. முட்டை இல்லை என்பதே முதற் பிழை. கலக்க முடியவில்லை, அவிக்க முடியவில்லை, பரிமாற முடியவில்லை என்பவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

அடிக்கடி வருபவை நான்கு. ஏற்ற சி தொகுப்பி கிடைக்கவில்லை என்றால், தொகுப்பியே கணனியில் இல்லை. உபுண்டுவில் 'பில்ட் எசென்ஷியல்' என்ற பொதியை முதலில் நிறுவ வேண்டும். ஆய்வு கூடமானால் நிர்வாகியிடம் கேட்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது என்றால், பூட்டிய அலுமாரியில் வைக்கப் பார்க்கிறாள். பிரிபிக்ஸைத் திருத்த வேண்டும். கட்டளை இல்லை என்றால், பாத் பட்டியலைப் பார்க்க வேண்டும். நான்காவது சற்று நுட்பமானது. 2020இல் வெளிவந்த ஜிசிசி 10 என்ற தொகுப்பி, ஒரே பெயர் பல கோப்புக்களில் வரையறுக்கப்பட்டிருந்தால் முன்பு போலக் கண்டும் காணாமல் விடுவதில்லை. அதனால் பழைய நிரல்கள் "ஒரே பெயருக்குப் பல வரையறைகள்" என்று சொல்லி நின்று விடக் கூடும். 'எஃப் கொமன்' என்ற விருப்பத்தைத் தொகுப்பிக்குக் கொடுத்தால் பழைய வழக்கத்துக்குத் திரும்பும். நிரலும் பழுதில்லை, பிள்ளையும் பிழை செய்யவில்லை. காலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சுவை பார்த்தல்

நிறுவிய உடனே ஆயிரக்கணக்கான புரதங்களை அதற்குள் கொட்டக் கூடாது. விடை நமக்கு முன்பே தெரிந்த சிறிய ஒன்றால் சோதிக்க வேண்டும். ஒரு கோப்பில் வரிக்கு இரண்டு பெயர்களும் அவற்றுக்கிடையிலான நெருக்கமும் எழுதலாம். ஏலம், கறுவா: 0.9. கறுவா, கராம்பு: 0.8. ஏலம், கராம்பு: 0.85. மீன், இறால்: 0.9. இறால், கணவாய்: 0.8. மீன், கணவாய்: 0.7. நடுவில் பாலமாகக் கராம்பு, மீன்: 0.1. இந்த ஏழு வரிகளைக் கொடுத்தால் எம்.சி.எல். இரண்டு வரிகளைத் திருப்பித் தரும். ஒன்றில் வாசனைச் சாமான் மூன்றும், மற்றதில் கடல் உணவு மூன்றும். இது சரியாக வந்தால் சமையல் சரி.

விடை வந்த பின்

சகோதரிகளே, பிள்ளைகள் உண்மையில் ஏமாறும் இடம் இனித்தான் வருகிறது. திரையில் கொத்துக்கள் வந்ததும், கணனி உண்மையைக் கண்டுபிடித்து விட்டது என்று நினைக்கிறார்கள். கணனி ஏலத்தையும் முகரவில்லை, மீனையும் பார்க்கவில்லை. நாம் கொடுத்த எண்களை மட்டுமே பார்த்தது. நெருக்கத்தை நாம் பிழையாக அளந்தால், கொத்துக்களும் அழகாக, ஒழுங்காக, பிழையாக வரும்.

மறக்க வேண்டாம் என்று சொன்ன எண்ணும் இங்கே வருகிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் எம்.சி.எல். அதை 2 என்று வைத்துக் கொள்கிறது. வழக்கமாக 1.2 முதல் 5 வரை கொடுக்கலாம். எண் கூடினால் கொத்துக்கள் சிறியனவாக உடையும். குறைந்தால் பெரியனவாகச் சேரும். அதே தரவு, அதே மென்பொருள்; ஓர் எண்ணை மாற்றியதும் ஒரே குடும்பமாயிருந்தவை இரண்டு குடும்பங்களாகின்றன. ஆகவே 1.4, 2, 4 என்று மூன்று முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் சேர்ந்தே நிற்பவற்றைத் தைரியமாக எழுதலாம். ஒன்றில் சேர்ந்து மற்றொன்றில் பிரிந்தவற்றை, அப்படியே உள்ளபடி சொல்லி விட வேண்டும். விரும்பிய விடை வரும்வரை எண்ணை மாற்றிக் கொண்டிருந்து, வந்ததும் நிறுத்திக் கொள்வது ஆய்வல்ல, அது ஏமாற்று.

புரதங்களைப் பொறுத்தவரை பிழை விட்டால் ஓர் அறிக்கை கெடும். ஆனால் இதே வகைக் கணக்குகளால் மனிதரையும் கொத்தாக்கலாம். இன்ன மாணவர் கெட்டிக்காரக் கூட்டம், இன்னார் கடனை அடைக்காத கூட்டம் என்று பிரித்து வைக்கலாம். நடுவில் நின்ற ஒருவர் எந்தக் கூட்டத்தில் விழுவார் என்பதை, யாரோ ஒருவர் யோசிக்காமல் விட்டுவிட்ட அந்த ஓர் எண் தீர்மானித்திருக்கக் கூடும். உங்கள் பிள்ளையை ஒரு பட்டியலில் போட்டு "கணனி சொல்கிறது" என்று யாராவது சொன்னால், எதை வைத்து நெருக்கத்தை அளந்தீர்கள், எந்த எண்ணைக் கொடுத்தீர்கள், மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை.

தாய்மாருக்கு

மகளுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தப் பதிப்பு, எந்த நாள் எடுத்தது, கொன்பிகருக்குக் கொடுத்த வரி என்ன, என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது, எந்த எண்ணில் எத்தனை கொத்துக்கள் கிடைத்தன என்று எழுதி வைக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவளே மறந்திருப்பாள், கொப்பி மறக்காது. அடுத்த வருடம் வரும் தங்கச்சிமாருக்கும் அது உதவும்.

இன்னொன்று, அவளுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். இடையில் தேங்காய் திருவக் கூப்பிடாதீர்கள். கணனியைத் தம்பி விளையாடுவதற்காக எழுப்பாதீர்கள். முதல் நாள் தோற்றுத்தான் போவாள். உங்கள் முதல் வட்டிலப்பமும் உறையாமல் தண்ணீராகத்தானே வந்திருக்கும்? அன்று யாராவது உங்களை அடுப்படியை விட்டு எழுப்பியிருந்தால் இன்று இந்தக் கை வந்திருக்குமா?

நானா வரட்டும். வந்து, தங்கச்சி நிறுவி வைத்ததைப் பார்த்து, எப்படிச் செய்தாய் என்று அவளிடமே கேட்டுப் படிக்கட்டும்.